முன்பல் உடைந்தால் முழுப் பல்லையும் ராவ வேண்டுமா?

வாசகர் கேள்விகள் – பல் மருத்துவர்கள் பதில்கள்

என் மகளுக்கு வயது 24. வண்ணார்பேட்டையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் மேல் முன்பல் ஒன்றின் மூலை உடைந்துவிட்டது. பக்கத்துப் பல்லில் லேசான சில்லு மட்டும். வலி கிடையாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்கிறது, உடனே நின்றுவிடுகிறது. தை மாதம் கல்யாணம். இரண்டு பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால்தான் நிற்கும் என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?
– வாசகி, பாளையங்கோட்டை

இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குளிர்ச்சி பட்டதும் சுள்ளென்று வந்து உடனே அடங்குகிறது என்றால், பல்லுக்குள் இருக்கும் நரம்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். உயிருள்ள நரம்பை எடுத்துப் போட்டுவிட்டு வேர் சிகிச்சை செய்ய இப்போது காரணம் எதுவும் தெரியவில்லை. குளிர்ச்சி பட்டு முடிந்த பின்னும் வலி நீடிப்பது, தூக்கத்தில் தானாக வலி எழுப்புவது, ஈறில் சீழ்க் கொப்புளம் வருவது, பல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறுவது ஆகியவைதான் வேர் சிகிச்சைக்கு அடையாளங்கள். உடைந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்து ரத்தம் கசிந்தால் நரம்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். அப்போதுகூட, உடனே வந்தால் மருந்து வைத்து மூடி நரம்பைக் காப்பாற்ற முடிகிற பல்கள் உண்டு.

கேப் போடுவதென்றால் பல்லைச் சுற்றிலும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் ராவி எடுக்க வேண்டும். முன்பல்லில் எனாமலின் கனமே அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர்தான். அதாவது எனாமல் முழுவதும் போய் அடுத்த அடுக்கும் வெட்டுப்படும். ராவிய பல் திரும்ப வளராது. கேப் பழுதானால் அடுத்த கேப், அதன் பிறகு இன்னொன்று. 24 வயதில் இதைத் தொடங்கக் கூடாது.

உங்கள் மகளுக்குப் பொருத்தமானது காம்போசிட் என்கிற, பல் நிறப் பிசின் கட்டுமானம். உடைந்த துண்டு கையில் இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் துண்டையே 20 நிமிடம் தண்ணீரிலோ சலைனிலோ ஊறவைத்து, காய்ந்துபோன ஈரத்தை மீட்டு, பழைய இடத்தில் ஒட்டிவிடலாம். துண்டு இல்லையென்றால் பிசினால் கட்ட வேண்டியதுதான். வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறோம், நாற்காலியில் உட்கார்ந்தவுடன் எது விட்டுப்போகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எக்ஸ்ரே. வேரில் விரிசல் இருக்கிறதா என்று தெரியாமல் மேலே கட்டக் கூடாது. அடுத்து நிறம் பார்ப்பது. பல் எச்சிலில் நனைந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும், அந்த வெளுப்புக்கு நிறம் தேர்ந்தெடுத்தால் மறுநாள் கட்டிய பகுதி மட்டும் தனியாகப் பளிச்சென்று நிற்கும். நிறம் பிசகிய முன்பல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் பிசகியிருக்கும் என்பது எங்கள் அனுபவம். பிறகு ரப்பர் விரிப்பு கட்டி எச்சிலைத் தடுப்பார்கள். உடைந்த விளிம்பை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் சாய்வாக இழைப்பார்கள், பிசினும் பல்லும் சேரும் கோடு தெரியாமல் இருப்பதற்கு. 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை எனாமலில் சுமார் 30 விநாடியும் உள்ளடுக்கில் 15 விநாடியும் வைத்துக் கழுவி, ஒட்டுதிரவம் தடவி, நீல ஒளி காட்டி இறுக்குவார்கள். அதன் மேல்தான் பிசின். ஒரு அடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் ஒளி உள்ளே எட்டாமல் அடியில் இறுகாமலே நிற்கும், சில மாதத்தில் பெயர்ந்துவிடும். உள்ளே மங்கலான நிறம், வெளியே கண்ணாடித்தன்மை உள்ள நிறம் என இரண்டு வகையாவது வேண்டும். ஒரே பிசினில் முழுவதும் கட்டினால் வாயின் இருட்டு ஊடுருவித் தெரிந்து அந்த மூலை சாம்பலாக இருக்கும். கடைசியில் கீழ்த்தாடையை முன்னே நகர்த்தச் சொல்லி, கட்டிய மூலை மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மோதல்தான் ஆறே மாதத்தில் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் முடித்துத் தந்தால் மேலே சொன்னவற்றில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

பக்கத்துப் பல்லின் சில்லுக்கு விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினாலே போதும்.

கல்யாணத்துக்குப் பல் வெளுக்கவும் நினைத்திருந்தால் அது முதலில். வெளுக்கும் மருந்து கட்டிய பிசினை வெளுக்காது. வெளுத்த உடனேயும் கட்டக் கூடாது. பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசினைப் பிடிக்க விடாது. இரண்டு வாரம் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அதுவரை உடைந்த இடத்தைத் தற்காலிகமாக மூடிவைக்க வேண்டும். திறந்திருக்கும் உள்ளடுக்கு வழியாகக் கிருமி நரம்பைத் தொட்டுவிடும்.

அடிபட்டதிலிருந்து 6 முதல் 8 வாரத்தில் ஒரு முறை, ஒரு வருடம் கழித்து இன்னொரு முறை நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தை மாதம் என்பதால் இன்னொன்று: கரும்பையும் பனங்கிழங்கையும் முன்பல்லால் கடித்து இழுக்க வேண்டாம். கரும்பைத் துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லட்டும். கிழங்கை நாரெடுத்துக் கையால் ஒடித்துத் தின்னட்டும். பூக்கட்டும் நூல், ஊக்கு, பாட்டில் மூடி எதற்கும் அந்தப் பல் பக்கம் போக வேண்டாம். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருடமாவது தாராளமாக நிற்கும். பிறகு மங்கினால் மெருகேற்றலாம், உடைந்தால் உடைந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். கேப்பில் அந்த வசதி கிடையாது.

எங்கள் ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். எனக்கும் தங்கைக்கும் பல்லில் பழுப்புத் திட்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. இரண்டு முறை கிளீனிங் செய்தும் அப்படியே இருக்கிறது. சிரிக்கவே கூச்சமாக இருக்கிறது. அண்ணனுக்கு இப்போது ஒரு வயதுக் குழந்தை. அதற்கும் இப்படித்தான் வருமா?
– கல்லூரி மாணவி

தேய்த்து அந்தத் திட்டு போகாது. கிளீனிங்கிலும் போகாது. அது மேலே படிந்த கறை இல்லை, பல் உருவானபோதே எனாமலுக்குள் வந்த குறை. குடிதண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும் ஊர்களில், எனாமல் இறுகும் வயதில் அது கெட்டியாகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைக்கும்போது வெறும் சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருக்கும்; பிறகு காபி, டீ, குழம்பு என்று அந்தத் துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. நீங்கள் சுத்தமில்லாமல் இருந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரிசெய்யும் முறை குறை எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. எப்போதும் குறைவாகப் பல்லைத் தொடும் முறையிலிருந்து தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மெல்லிய வெள்ளைக் கோடு, மேலோட்டமான பழுப்பு என்றால் மைக்ரோஅப்ரேஷன். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய உராய்வுத் தூளும் கலந்த பசையை ரப்பர் கப்பால் பல்லில் தேய்ப்பார்கள். ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவி, பல்லை நனைத்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பார்கள். காய்ந்த பல்லைப் பார்த்து முடிவெடுத்தால் வெள்ளை கூடுதலாகத் தெரிந்து, தேவையில்லாமல் இன்னும் தேய்த்துவிட நேரும். மொத்தமாகவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு எனாமல்தான் போகும். ரப்பர் விரிப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்துகொள்ளாதீர்கள், ஈறும் கண்ணும் வெந்துவிடும்.

அதன் பின்னும் மஞ்சள் மிச்சமிருந்தால் வெளுப்பு. வாய்க்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லைப் பச்சரிசி அளவுக்கு ஒவ்வொரு பல்லுக்கும் வைத்து, இரவில் போட்டுக்கொள்வது. இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் சில நாள் வெள்ளைத் திட்டு இன்னும் வெள்ளையாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சுற்றியுள்ள பல்லும் வெளுத்து வர, வித்தியாசம் குறையும். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள்.

ஆழமான வெள்ளைத் திட்டுக்கு, அமிலத்தால் துளைகளைத் திறந்து நீர்ப்பதப் பிசினை உறிஞ்சவைக்கும் முறை இருக்கிறது. பல்லில் குழி விழுந்திருந்தால் குழியை மட்டும் காம்போசிட்டால் நிரப்பலாம். எனாமல் பொடிந்து உதிரும் நிலையில்தான் முகப்பில் ஒட்டும் பீங்கான் வெனீர் பேச்சே வர வேண்டும். அதற்கும் அரை மில்லிமீட்டர் ராவல் உண்டு. எடுத்த எடுப்பிலேயே எட்டுப் பல்லுக்கும் வெனீர் என்று விலை சொன்னால், மைக்ரோஅப்ரேஷன் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். காவல்கிணற்றில் உள்ள பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் படிப்படியாகச் செய்து பார்க்கும் பொறுமையும் உண்டு, செலவும் குறையும்.

இனி குழந்தை. நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது இதுதான், ஏனென்றால் உங்களுக்கு வந்ததைச் சரிசெய்யத்தான் முடியும், குழந்தைக்கு வராமலே தடுக்க முடியும். நிலைப்பற்களான மேல் முன்பற்களின் எனாமல் முதல் மூன்று, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. எட்டு வயது வரைக்கும் கவனமாக இருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கூடுதலாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் தாமிரபரணி கூட்டுக் குடிநீரையே பிடித்துவையுங்கள். போர்த் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். துணி வடிகட்டி, கேண்டில் வடிகட்டி, புற ஊதா விளக்கு எதுவும் இதற்கு உதவாது, ஆர்.ஓ. உதவும். பச்சைக் குழந்தைக்குப் பால்மாவு கலக்குகிற தண்ணீர்தான் ரொம்ப முக்கியம். கட்டன் டீயும் கொடுக்காதீர்கள், தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு.

ஒன்பது மாதம் முன்னால் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தேன். வலி போய்விட்டதால் கேப் போடவில்லை. போன வாரம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கடித்தபோது பல் பிளந்துவிட்டது. நரம்பே இல்லாத பல் ஏன் உடைய வேண்டும்?
– சங்கரன்கோவில் வாசகர்

நரம்பு எடுத்ததால் உடையவில்லை. உள்ளே போக வழி வெட்டியபோது பல்லின் கூரை போனது. சொத்தை ஏற்கெனவே பக்கச் சுவர்களைத் தின்றிருக்கும். கூரையும் குறுக்குச் சுவரும் இல்லாத வீடு மாதிரி, மிச்சமிருக்கும் முனைகள் ஒவ்வொரு கடிக்கும் வெளிப்பக்கம் வளைகின்றன. கடலை மிட்டாய் கடைசி அடி, அவ்வளவுதான். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் கேப் போட்டுவிட வேண்டும். முன்பல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, துளை சிறியதாக இருந்தால் அடைத்தாலே போதும்.

இப்போது பார்க்க வேண்டியது பிளவு எங்கே போகிறது என்பது. ஒரு பக்க முனை மட்டும் சாய்வாக உடைந்து ஈறுக்கு மேலேயே நின்றிருந்தால் பல் பிழைக்கும். கேப் பிடிக்க ஈறுக்கு மேல் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் தேவை. அது இல்லையென்றால் ஈறைச் சற்று இறக்கி எடுக்கலாம். சுவர்கள் ரொம்பக் குறைந்திருந்தால் வேருக்குள் ஃபைபர் போஸ்ட் என்கிற மெல்லிய குச்சியை வைத்து மேலே கட்டுவார்கள். ஆனால் பல்லின் இரண்டு பாதியும் தனித்தனியாக அசைந்தால் பிளவு வேருக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பல்லை எடுக்கத்தான் வேண்டும். அதற்குக் கேப் போட்டுக் காசை வீணாக்காதீர்கள்.

எந்தக் கேப் என்றால், சிரிக்கும்போது தெரியாத கடைசிப் பல்லுக்கு முழு உலோகக் கேப்பே நல்லது. அதற்குத்தான் குறைவாக ராவ வேண்டும், பீங்கான் தெறிக்கும் பயமும் இல்லை. தெரிகிற பல்லுக்கு ஜிர்கோனியா என்கிற, பல் நிறக் கெட்டிப் பீங்கான். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது விலை குறைவு, ஆனால் சில வருடத்தில் ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். தற்காலிகக் கேப் இருக்கும் நாட்களில் அல்வா வேண்டாம். கடிக்கும்போது ஒன்றும் ஆகாது, வாயைத் திறக்கும்போது அல்வா அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கழன்ற கேப்பைக் கடையில் விற்கும் உடனடிப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். ஒரு முடி அளவு உயர்ந்து உட்கார்ந்தாலும் கடி முழுக்க அந்தப் பல் மேல் விழும்.

பள்ளி மைதானத்தில் நான்காம் வகுப்புப் பையன் விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டது. பல்லைக் கழுவித் தாளில் மடித்துப் பெற்றோரிடம் கொடுத்தோம். மருத்துவர் தாமதம் என்றார். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?
– ஆசிரியை, நாங்குநேரி

பல்லைத் திரும்ப அதே குழியில் செருகியிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆகவே உங்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. அடுத்த முறைக்காக விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் அது பால் பல்லா, நிலைப்பல்லா என்று பாருங்கள். ஒன்பது வயதில் முன்பல் நிலைப்பல்தான். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல்லைக் கெடுக்கும். பல்லை வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள். வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் பல்லை எலும்போடு மறுபடி சேர்ப்பது. அதை விரலால் துடைத்தாலோ சுரண்டினாலோ பல் நிற்காது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, இல்லையென்றால் குழாய்த் தண்ணீரிலோ சில விநாடி காட்டுங்கள், தேய்க்காதீர்கள். முன்பக்கம் எது என்று பார்த்துக் குழியில் மெதுவாக அழுத்தி, கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பயமாக இருந்தால், அல்லது பையன் மயங்கிக் கிடந்தால், பல்லைப் பாலில் போடுங்கள். சூடில்லாத பாக்கெட் பாலே போதும். பால் இல்லாத இடத்தில் பையனையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடலாம். இளநீரும் வெறும் தண்ணீரைவிடத் தேவலை. தாளில் சுற்றுவதுதான் மிக மோசம், சவ்வு காய்ந்துவிடும். 15 நிமிடத்துக்குள் குழியில் உட்கார்ந்தால் நல்ல வாய்ப்பு. ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் சவ்வு செத்துவிடும். அப்போதும் பல்லை எறியாதீர்கள்; வளரும் பிள்ளைக்கு அந்த இடத்து எலும்பு சூம்பிப்போகாமல் காக்க, தாமதமாக வைத்த பல்லும் சில வருடம் உதவும். மருத்துவர் இரண்டு வாரம் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பல்லோடு பிணைத்துவைப்பார். டெட்டனஸ் ஊசி போட்ட விவரத்தையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்புக் கரியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் பல் பளிச்சென்று இருக்கும் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். செய்தேன். பளிச்சென்றுதான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை.
– அம்பாசமுத்திரம் வாசகி

பளிச்சென்று வந்தது கறையோடு எனாமலையும் சேர்த்துத் தேய்த்ததால். ஈறோரத்தில் எனாமல் மெல்லியது, அங்கேதான் முதலில் பள்ளம் விழும். நகத்தை ஈறோரமாக ஓட்டிப் பாருங்கள், தட்டினால் பள்ளம் இருக்கிறது. கரி, உப்பு, செங்கல்பொடி, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மிருதுவான பிரஷ், 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பசை, காலையும் இரவும். தேய்த்த பின் துப்புங்கள், வாய் கொப்பளிக்க வேண்டாம். கூச்சம் குறைய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பள்ளம் ஆழமாக இருந்தால் அடைத்துவிடலாம், ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது.

வெற்றிலை பாக்கு போட்டுப் பல் கறுத்துவிட்டது. வெளுக்க முடியுமா? கொஞ்ச நாளாக வாயை முழுதும் திறக்க வரவில்லை, காரம் பட்டால் எரிகிறது.
– தென்காசி வாசகர்

பல்லை விடுங்கள். மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவுக்குப் போங்கள். பாக்கினால் கன்னத்தின் உட்தோல் இறுகிப்போகும் நோய்க்கு இவையே அடையாளம், அது புற்றுநோயாக மாறக்கூடியது. இன்றைக்கே பாக்கை நிறுத்துங்கள். புகையிலை சேர்க்காத பாக்கானாலும்தான். கறை காத்திருக்கும்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?
– கடையநல்லூர் வாசகர்

ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் கட்டிய காரைதான் எலும்பைக் கரைத்து ஆட வைக்கிறது. காரை சிமெண்டு போல் பற்களைப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஆட்டம் தெரியாமல் இருந்திருக்கும். எடுத்ததும் தெரிகிறது. சந்துகளும் கூச்சமும் ஓரிரு வாரம் இருக்கும், ஈறு சுருங்கி இறுகியதும் குறைந்துவிடும்.

முன்பல் ஒன்று போய்விட்டது. சந்தையில் ஒருவர் அரை மணி நேரத்தில், பல்லை ராவாமல், குறைந்த காசில் நிலையாகப் பொருத்திக் கொடுத்தார். இரண்டு வருடமாக நன்றாக இருந்தது. இப்போது பக்கத்துப் பற்களும் ஆடுகின்றன, நாற்றம் வருகிறது. சர்க்கரையும் உண்டு. இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து வைக்கும் பல்) வைக்கலாமா?
– திசையன்விளை வாசகர்

அவர் செய்தது, பிளாஸ்டிக் பல்லைக் குழைத்த அக்ரிலிக் மாவால் பக்கத்துப் பற்களோடும் ஈறோடும் சேர்த்து ஒட்டியது. சில இடங்களில் கம்பியும் சுற்றுவார்கள். அதன் அடியில் பிரஷ் நுழையாது. இரண்டு வருடச் சோறும் எச்சிலும் அங்கே அழுகுகிறது, எலும்பு கரைகிறது. முதலில் அதை வெட்டி எடுத்து, ஈறுக்கு வைத்தியம் செய்யுங்கள். நீங்களே குறடால் பிடுங்க வேண்டாம், பக்கத்துப் பல்லும் கூடவே வரும்.

ஈறு ஆறும்வரை கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். மூன்று மாதம் கழித்து ஆடிய பற்கள் இறுகினவா என்று பார்த்துத்தான் அடுத்த முடிவு. இம்பிளான்டுக்குச் சர்க்கரை தடையில்லை, கட்டுப்படாத சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி சோதனை 7-ஐ ஒட்டி இருந்தால் பேசலாம். 9, 10 என்று இருந்தால் இறக்கிவிட்டு வாருங்கள். பீடி, சிகரெட் இருந்தால் விட வேண்டும், புகை இம்பிளான்டை எலும்போடு சேர விடாது. மேல்தாடையில் திருகு வைத்து, எலும்பு பிடிக்க நான்கிலிருந்து ஆறு மாதம் விட்டுத்தான் மேலே பல் வைப்பார்கள். அந்தச் செலவுக்கு வசதி இல்லையென்றால், பக்கத்துப் பல்லின் உள்பக்கம் மட்டும் சிறகு போல் ஒட்டும் பிரிட்ஜ் பற்றிக் கேளுங்கள். அதற்கு ராவல் ஏறக்குறைய இல்லை. ஆனால் சிறகு ஒட்டப்போகும் பல் ஆடாமல் இருக்க வேண்டும்.